கைகளுக்கான இரண்டாம் பாடம்

மருதம்பேரியில் பெண்களின் கைகள் நிற்காமல் ஓடிய வருஷத்தில் மழை வழக்கம்போலப் பெய்தது, குளம் வழக்கம்போலப் பாதி நிறைந்தது, கோயில் கொடை விழாவில் வழக்கம்போல மைக்செட் தகராறு வந்தது, அதனால் அந்த வருஷம் எப்படி இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, விசேஷமா ஒண்ணும் இல்லையே, பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு, அவ்வளவுதான் என்று சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் வந்தது உண்மை. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜீப்பில் மடிக்கணினிகள் வந்து இறங்கின, தலைமையாசிரியர் அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் ஜெய்த்தூன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெய்த்தூன் அறிவியல் டீச்சர். மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவள். சின்ன வயதில் தாயோடு உட்கார்ந்து பீடி சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் என்பதால், பீடி சுற்றாத வீடே இல்லாத மருதம்பேரிப் பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுந்தால் அவள் எழுப்பமாட்டாள். கோடை விடுமுறையில் அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் முதல் பாடத்தை நன்றாகவும் இரண்டாம் பாடத்தை அவசரமாகவும் நடத்திவிட்டு, மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று வழியனுப்பிவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் முதல் பாடம் நடந்த அன்று, ரோகிணியும் முத்துப்பேச்சியும் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு பச்சைத் தவளை இருந்தது. பக்கத்தில் வண்ணக் கட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கட்டளை எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் தவளை அந்த வரிசைப்படி செய்யும்.

“இதுக்கு மூளை கிடையாது,” என்றாள் டீச்சர். “நீங்க சொன்னதை மட்டும்தான் செய்யும். குதின்னா குதிக்கும். எதுக்குக் குதிக்கணும்னு கேக்காது. அதனால நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும். வீட்டுல நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கோங்க. அதை உடைச்சு உடைச்சு, சின்னச் சின்னப் படியா எழுதுங்க.”

ஒருவன் டீ போடுவதை எழுதினான். ஒருத்தி ஆடு கட்டுவதை எழுதினாள், அவிழ்ப்பதை எழுதிவிட்டுக் கட்டுவதை மறந்து எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ரோகிணி தனக்குத் தெரிந்ததை எழுதினாள். இலையை எடு. தூளை வை. உருட்டு. நூலைச் சுற்று. தலையை மடக்கு. சுளகில் போடு. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிற வரிசை அது. அவளுடைய அப்பா கேரளாவில் சாரத்திலிருந்து விழுந்து செத்தபிறகு அவளுடைய அம்மா செல்வக்கனி அந்த வரிசையைத் தவிர வேறெதையும் பெரிதாகச் செய்ததில்லை. கடை மூடுவதற்குள் பீடியை ஒப்படைத்துவிட்டு வந்து, மறுநாளுக்கான இலையை வெட்டிவிட்டு, வெட்டிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருக்கும் சுளகு முறத்தின்மேல் கவிழ்ந்து தூங்கிவிடுவாள், கத்திரிக்கோலை விரலிலிருந்து கழற்றி எடுப்பது ரோகிணியின் வேலை. முந்தின நாளும் அப்படித்தான் கழற்றினாள். கழற்றும்போது விரல் வீங்கியிருந்ததைப் பார்த்தாள்.

அதனால் கட்டைகளை அடுக்கி முடித்ததும், அவற்றைச் சுற்றி ‘எப்போதும் செய்’ என்ற மஞ்சள் கட்டையை மாட்டினாள். முதல் பாடத்தில் இருந்தது அந்த ஒரு மஞ்சள் கட்டைதான். ‘வேகமாக’ என்று இன்னொரு கட்டை சேர்த்தாள். தவளைக்குக் கீழே பெயர் எழுதும் இடத்தில், தவளை என்பதை அழித்துவிட்டு அம்மா என்று எழுதினாள்.

“என்னட்டி, உங்கம்மாவைத் தவளைன்னு சொல்லுதியா?” என்றாள் முத்துப்பேச்சி.

“வேகமாச் சுத்திட்டா வேகமாத் தூங்கிரும்லா,” என்றாள் ரோகிணி, பொத்தானை அழுத்தினாள்.

செல்வக்கனி அப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாயிடம் ரேஷன் அரிசியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைகள் வேகம் எடுத்தன, இலை பறந்து வந்து விரலில் உட்கார்ந்தது, தூள் தானாக அளவு பார்த்துக்கொண்டது, நூல் தறியில் ஓடுகிற நூலைப்போல ஓடியது, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கான பீடி முடிந்து சுளகு நிறைந்துவிட்டது. பாக்கியத்தாய் அதைப் பார்த்துவிட்டு, “என்ன மைனி, கைக்குச் சக்கரம் கட்டியிருக்கியளா?” என்று கேட்டாள், செல்வக்கனி குனிந்து தன் கைகளை அப்போதுதான் பார்த்தாள், “தெரியலையே, தன்னால போவுது,” என்று சொல்லிவிட்டு ரேஷன் அரிசிப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ரோகிணியிடம் அம்மா, “இன்னைக்குக் கை தனியா வேலை பாக்கு பிள்ள,” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. “நான்தாம்மா எழுதினேன்,” என்றாள் ரோகிணி. அம்மா அதை நம்பினாள். தகப்பனில்லாத வீட்டில் பிள்ளை சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

ஊரும் நம்பியது. கோயில் பூசாரி வந்து பார்த்து இது அம்மன் இறங்கியதில்லை என்று சொன்னார், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்து இது நரம்புத் தளர்ச்சி இல்லை என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள், இரண்டும் இல்லையென்றால் பிள்ளை சொன்னதுதான் என்று முடிவு செய்த பெண்கள் மறுநாளே தங்கள் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுத்து, தலைக்கு எண்ணெய் தடவி, மறக்காம எனக்கும் எழுதிட்டு வா என்று அனுப்பினார்கள். பெற்ற பிள்ளை எழுதினால் மட்டும்தான் பலித்தது. அம்மாவுக்கு மட்டும்தான் பலித்தது. அப்பாமார் செய்கிற வேலையை எந்தப் பிள்ளையும் வரிசையாகப் பார்த்ததில்லை. தூளை வை என்ற கட்டையை விட்டுவிட்ட பையனின் அம்மா பொழுதெல்லாம் வெற்று இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நூலைச் சுற்று என்பதை முதலில் போட்டவளின் அம்மா தன் விரலிலேயே நூலைச் சுற்றி விரல் கறுத்துப்போனாள். அடுத்த நாள் திருத்தி எழுதினார்கள். புதிதாக எழுதினால் பழையது போய்விடும் என்பது அப்படித்தான் தெரிந்தது. வாத்தியார் அடித்தும் வராத ஒழுங்கு அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது. தவளை தப்புச் செய்தால் சிரித்த பிள்ளைகள், அம்மா தப்புச் செய்வாள் என்று தெரிந்ததும் ஒவ்வொரு கட்டையையும் உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார்கள்.

ஜெய்த்தூன் டீச்சருக்கு முதலில் பெருமையாக இருந்தது. வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, கிராமத்துப் பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள் என்று கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, வழியில் வாசல்தோறும் பறந்துகொண்டிருந்த கைகளைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, சுறுசுறுப்பான ஊர் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவர் பீடிக்கடை சொரிமுத்து அண்ணாச்சி. கம்பெனியிடமிருந்து இலையும் தூளும் வாங்கிப் பெண்களுக்குக் கொடுத்துப் பீடியாகத் திரும்ப வாங்குகிறவர். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. எல்லாரையும் தாயி, தாயி என்றுதான் கூப்பிடுவார். “தாயி, கை ஓடுதே, இலை கூடத் தரட்டா?” என்று கேட்டார். பெண்கள் சரி என்றார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினார். கூட்டியது பிறகு சாதாரண அளவாகிவிட்டது, அந்த அளவுக்குச் சுற்ற முடியாதவர்களுக்கு, அதாவது பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லாதவர்களுக்கு, “என்ன தாயி செய்ய, கம்பெனியில கேக்கான்,” என்று சொல்லி இலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனார்கள். ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பேச நேரமில்லை.

ஏனென்றால் கைகள் நிற்கவே இல்லை.

முதல் நாளே அது தெரிந்துவிட்டது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று நினைத்திருந்தார்கள். இலை தீர்ந்தால் கைகள் காற்றைச் சுற்றின. படுத்தால் கூரையைப் பார்த்தபடி வயிற்றின்மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. பழைய சேலையைக் கிழித்து மணிக்கட்டில் கட்டிவிட்டால் கட்டுக்குள் துடித்தன, துடிக்கிற துடிப்பில் தூக்கம் வருவதற்கு எப்படியோ பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் அம்மாமாருக்குச் சோறு ஊட்டினார்கள், சேலை கட்டிவிட்டார்கள், மூக்குத் துடைத்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. ஒருத்தி ஆசைக்கு வாங்கிப் பார்த்தபோது கைகள் குழந்தையின் பிஞ்சு விரல்களைப் பிடித்து உருட்டத் தொடங்கின, வீறிட்ட குழந்தையைப் பிடுங்கி எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவள் குழந்தையைக் கீழே விரிப்பில் போட்டு, அதன்மேல் குனிந்து பால் கொடுத்தாள், கைகள் பின்னால் முதுகில் கட்டியிருந்தன.

விரல்களில் ரேகை தேய்ந்துபோனது. ரேஷன் கடையில் மெஷினில் விரலை வைத்தால் அது யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, கடைக்காரர் மன்னிக்கணும் தாயி, மெஷின் நீங்க இல்லைன்னு சொல்லுது என்றார். தூள் எந்நேரமும் பறந்ததில் ஊர் முழுக்க இருமல் கேட்டது. மருதம்பேரிக்குள் பஸ் நுழையும்போதே சருகுக் காட்டில் கீரி ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும், நுழைந்து வெளியேறும் வரைக்கும் கேட்கும், கண்டக்டர்கள் முதலில் என்ன என்று கேட்டார்கள், அப்புறம் கேட்கவில்லை.

ஒரு பையன் அம்மா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாக் கட்டைகளையும் அழித்துவிட்டு, அம்மா என்ற பெயரை மட்டும் வைத்து, காலியாக ஓட்டிவிட்டான். அவளுடைய கைகள் நின்றன. தோளிலிருந்து இரண்டு ஈரத்துண்டைப்போலத் தொங்கின. சோற்றுத் தட்டை நோக்கிக்கூட அவை மறுபடியும் எழவில்லை, அவன் திரும்ப எழுதியும் எழவில்லை. அதற்குப் பிறகு யாரும் அழித்துப் பார்க்கவில்லை.

ஜெய்த்தூன் டீச்சர் பயிற்சியில் அவசரமாக நடத்தப்பட்ட இரண்டாம் பாடத்தைத் தேடி எடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். ‘எப்போதும் செய்’ என்பதற்குப் பதிலாக அதில் இன்னொரு கட்டை இருந்தது. ‘வரை செய்’ என்று பெயர். அதற்குள் ஒரு பள்ளம் இருக்கும், எது நடக்கும் வரைக்கும் செய்ய வேண்டும் என்று அந்தப் பள்ளத்தில் எழுத வேண்டும். அது நடந்ததும் நின்றுவிடும். அவ்வளவுதான் பாடம். முதல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு பீரியடில் முடிந்திருக்கும்.

அவள் அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னாள். அது எப்படியோ சொரிமுத்துவின் காதுக்குப் போனது. அவர் மறுநாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி மிட்டாய் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா நல்லது நினைக்கிறீய. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கை நின்னு போச்சுன்னு வைங்க, இவ்வளவு இலையை யாரு சுத்துவா? கம்பெனிக்காரன் இலையைப் பக்கத்து ஊருக்குத் திருப்பி விட்டுருவான். இந்தப் பொம்பளைகளுக்கு வேற என்ன தெரியும்?”

“அவங்க நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா அண்ணாச்சி?”

“எங்க வீட்டுலயும் அதே கதைதான். எம் பொண்டாட்டி கையைக் கட்டிட்டுத்தான் நானும் படுக்கேன். நான் யாரைச் சொல்ல?” அவர் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. “கொஞ்ச நாள் போகட்டும். ரெண்டாம் பாடம் இப்ப வேண்டாம்.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கொஞ்ச நாள் போகட்டும் என்று ஜெய்த்தூனும் ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்டுவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது வாசல்களைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்து நடந்தாள்.

கொஞ்ச நாள் போனது. கார்த்திகையில் பாக்கியத்தாய் செத்துப்போனாள்.

இருமிக்கொண்டே இருந்தவள் ஒரு மத்தியானம் சுளகின்மேல் கவிழ்ந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தார்கள், கைகள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்த அவளுடைய மகள் சோறு ஊட்டத் தலையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுச்சேலை கட்டி, பெஞ்சில் கிடத்தினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட முடியவில்லை. நூலைக் கொண்டுபோனால் கைகள் நூலை வாங்கிக்கொண்டு, இல்லாத இலையைச் சுற்றிக் கட்டி, இல்லாத சுளகில் போட்டன. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழக் கைகள் இல்லாமல், வட்டமாக உட்கார்ந்து, மடியில் காற்றைச் சுற்றிக்கொண்டே அழுதார்கள். அந்த வட்டத்துக்கு நடுவில் செத்தவளின் கைகளும் அதே வேகத்தில் சுற்றின. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் குளித்துவிட்டு வந்து, அங்கே பார்த்ததைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பாடையைத் தூக்குவதற்கு முன்னால், பாக்கியத்தாயின் மகள் ஜெய்த்தூன் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “டீச்சர், எங்கம்மாவை எப்படி நிறுத்தணும்?”

மறுநாள் காலையில் டீச்சர் ஏழாம் வகுப்புக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு இரண்டாம் பாடத்தை நடத்தினாள். வெளியே தலைமையாசிரியர் தட்டினார். அவள் குரலை உயர்த்திக்கொண்டு நடத்தினாள். ‘வரை’ என்ற கட்டையைக் காட்டினாள், பள்ளத்தைக் காட்டினாள். “எது வரைக்கும்னு எழுதாம எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.” பிறகு கேட்டாள்: “எது வரைக்கும்னு எழுதுவீங்க?”

பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இலை தீரும் வரைக்கும் என்றால் சொரிமுத்து இலையைத் தீரவிடமாட்டார். இருட்டும் வரைக்கும் என்றால் ஒரு நாளோடு முடிந்துபோகும், மறுநாள் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? யாருக்கும் சரியாகப் படவில்லை. ரோகிணி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எங்கம்மா கைதானே? எங்கம்மாவே போதும்னு சொல்லட்டும். அது வரைக்கும்.”

அதுதான் நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. எல்லாரும் பள்ளத்தில் அதையே எழுதினார்கள். அம்மா போதும் என்று சொல்லும் வரை. பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு, தலைமையாசிரியரைத் தாண்டி, பிள்ளைகள் வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

ரோகிணி மூச்சிரைக்க அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். “எம்மா, போதும்னு சொல்லு. கை நின்னுரும். ஒரே ஒரு தடவை சொல்லு.”

செல்வக்கனியின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே இருந்தது. அவளுடைய கண்கள் ரோகிணியைப் பார்த்தன, வீட்டைப் பார்த்தன, சுவரில் மாட்டியிருந்த புருஷனின் போட்டோவைப் பார்த்தன. வாயை மூடிக்கொண்டாள்.

“நின்னா மறுபடி ஓடுமா?”

“பழைய மாதிரி நீயாச் சுத்தலாம்.”

“பழைய மாதிரிச் சுத்துனா யாருட்டி இலை தருவா? அந்தச் சூளைக்குப் போனாளுவளே, பாத்தியா?” கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. “நீ எட்டு முடிச்சு டவுன் ஸ்கூலுக்குப் போகணும். அது வரைக்கும் ஓடட்டும்.”

“எம்மா, பாக்கியத்தாய் அத்தை—”

“அவளுக்குச் சளி. எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்?”

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான் நடந்தது. இன்றைக்கு வேண்டாம், பொங்கல் போகட்டும். இன்றைக்கு வேண்டாம், மூத்தவள் கல்யாணம் முடியட்டும். தவறி வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தில், மருதம்பேரிப் பெண்கள் போதும் என்ற சொல்லையே கைவிட்டார்கள். கடைக்காரன் எண்ணெய் ஊற்றினால் தலையை ஆட்டினார்கள். சண்டையில் புருஷன் எவ்வளவு பேசினாலும் போதும் நிறுத்து என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள். பந்தியில் பரிமாறினால் இலையின்மேல் முழங்கையை வைத்து மறித்தார்கள். பக்கத்து ஊரில் பெண் எடுத்தவர்கள், புதிதாக வரும் மருமகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ரோகிணி அம்மாவை ஏமாற்றிப் பார்க்க நினைத்தாள். ஒரு சாயங்காலம் பானை நிறையச் சோறு பொங்கி, பிசைந்து, ஊட்டத் தொடங்கினாள். வயிறு நிறைந்தால் போதும் என்ற சொல் தன்னால் வந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. செல்வக்கனி தலையை ஆட்டினாள். ரோகிணி பார்க்காததுபோல அடுத்த உருண்டையை நீட்டினாள். செல்வக்கனி வாங்கிக்கொண்டாள். அடுத்ததையும் வாங்கிக்கொண்டாள். மகள் என்ன செய்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, மகளுடைய கையைத் தட்டிவிட அவளிடம் கை இல்லை, அதனால் விழுங்கினாள், கண்ணில் நீர் வழிய விழுங்கினாள், விழுங்கியது மேலேறி வருவதையும் சேர்த்து விழுங்கினாள், ரோகிணியும் அழுதுகொண்டே ஊட்டினாள், “சொல்லும்மா, சொல்லு,” என்று கெஞ்சிக்கொண்டே ஊட்டினாள், கடைசியில் எல்லாம் வாந்தியாகச் சுளகின்மேலும் இலையின்மேலும் ஓடிக்கொண்டிருக்கும் கைகளின்மேலும் வந்து விழுந்தபோதும் செல்வக்கனி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவளுடைய கைகள் வாந்தியில் நனைந்த இலையை எடுத்துச் சுற்றிக் கட்டி மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தன.

ரோகிணி எல்லாவற்றையும் கழுவினாள். அம்மாவின் வாயைக் கழுவிவிட்டாள்.

அடுத்த வாரம் ஜெய்த்தூன் டீச்சருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது என்றும், அன்றைய வகுப்புத்தான் கடைசி என்றும் தெரிந்தது. ரோகிணி மடிக்கணினியைத் திறந்து, பள்ளத்தில் இருந்த அம்மா என்ற சொல்லை அழித்துவிட்டு, ரோகிணி என்று எழுதினாள். பக்கத்திலிருந்த முத்துப்பேச்சி பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன்னுடைய நிரலிலும் அதேபோல் தன் பெயரைப் போட்டாள். வரிசையில் அடுத்தடுத்து எல்லாரும் மாற்றினார்கள். டீச்சர் பின்னால் நின்றிருந்தாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப நீங்கதான் சொல்லணும்,” என்றாள் பிறகு. “அம்மா கோவப்படுவாங்க. சாப்பாட்டுக்கு என்ன செய்யன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. நானும் உங்களை மாதிரிப் பிள்ளையா இருந்தப்ப எங்கம்மாவுக்கு எப்பப் போதும்னு எங்கிட்ட யாரும் கேட்கலை. யோசிச்சுக்கோங்க.”

ரோகிணி வீட்டுக்கு மெதுவாக நடந்துபோனாள். செல்வக்கனி மகளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். “ஏட்டி, வேண்டாம்,” என்றாள். “ரோகிணி, எங்கண்ணுல்லா, வேண்டாம். டவுன் ஸ்கூலுக்குப் போகணும்லா நீ? அம்மைக்கு ஒண்ணும் வலிக்கல. சத்தியமா வலிக்கல பிள்ள.”

“போதும்மா,” என்றாள் ரோகிணி.

கைகள் நின்றன. பாதி சுற்றிய பீடி ஒன்று மடியில் விழுந்து அவிழ்ந்தது. அந்த வீட்டுக்குள் அவ்வளவு அமைதி வந்ததில் இருவருக்கும் காது அடைத்துக்கொண்டது. செல்வக்கனி கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெல்ல ஒரு விரலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி ரோகிணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

“பாவி. நாளைக்கு என்னட்டி செய்வோம்?”

அறைந்த கை அங்கேயே நின்றது. கன்னத்தைத் தடவியது. இரண்டு கைகளும் சேர்ந்து மகளின் தலையைப் பிடித்து இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டன. செல்வக்கனி சத்தம்போட்டு அழுதாள், நாளைக்கு என்ன செய்வோம், நாளைக்கு என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அழுது முடித்தபின் அம்மா அவளைத் திருப்பி உட்கார வைத்துத் தலையை அவிழ்த்துப் பின்னிவிட்டாள். விரல்கள் தடுமாறின, பீடிபோல இறுக்கிக் கட்டின, வலித்தது, அவிழ்த்து மறுபடி பின்னினாள். பிறகு சுளகுக்குப் பக்கத்திலேயே படுத்து, கைகளைக் கன்னத்துக்கடியில் வைத்து, மணிக்கட்டில் கட்டு எதுவும் இல்லாமல் தூங்கினாள். மறுநாள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

சொரிமுத்து அண்ணாச்சி இலை இல்லை என்று சொல்லிவிட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார். செல்வக்கனி முதல் பஸ்ஸில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடைக்குப் பழம் தரம்பிரிக்கப் போகத் தொடங்கினாள். சில நாள் வேலை இருக்கும், சில நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு ரோகிணியும் கூடப் போனாள். பழத்தின் சாறு அம்மாவின் விரல் வெடிப்பில் இறங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதை ரோகிணி பார்த்தாள். வீட்டில் சில நாள் கஞ்சிதான். ஊருக்குள் நடந்தால் பெண்கள் வாசலில் இருந்தபடி அவளைப் பார்த்தார்கள், தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். சருகுச் சத்தம் ஊரெங்கும் அப்படியேதான் இருந்தது. எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் அந்த வார்த்தை இருந்தது, எல்லாரும் அதை அடக்கிக்கொண்டு முட்டை சாப்பிட்டார்கள், எண்ணெய் வைத்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு வந்து போனார்கள். கம்ப்யூட்டர் அறைக்குத் தலைமையாசிரியர் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தபோது, சத்துணவுத் தட்டோடு முத்துப்பேச்சி வந்து ரோகிணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னதும் உங்கம்மா அடிச்சுதாமே?”

“ஆமா.”

“ரொம்ப வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“பெறவு?”

“பெறவு தலை பின்னிவிட்டுச்சு.”

முத்துப்பேச்சி எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் ரோகிணி வேண்டுமென்றே அவளுடைய தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். முத்துப்பேச்சியின் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள், கைகள் ஓடிக்கொண்டிருந்தன, முத்துப்பேச்சி அவளுக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோகிணி நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை பிரேயரில் முத்துப்பேச்சி தாமதமாக வந்து வரிசையில் நின்றாள். அவளுடைய இடது கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. பின்னல் கோணலாக இருந்தது.